"வாய்வு" என்பது நோயின் பெயரல்ல

(நெகிரி செம்பிலான் தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் கிராணிமார் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தையும் போனஸையும் பற்றிப் பேசும் இந்த மேடையில், இன்று வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொருமல், ஏப்பம், வாய்வு என்றால் சிரிப்பு வரும். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, அதே இரவில் நெஞ்சடைத்து மாண்டவர்களும் உண்டு. ஆகவே, சிரித்து முடித்த பிறகு சற்றே செவி சாயுங்கள்.

கிளினிக்கில் நம்மவர் பேசும் பேச்சு எப்படி இருக்கிறது?

"என்ன செய்யுது?"

"வாய்வுங்க ஐயா."

"சரி, மாத்திரை தர்றேன்."

அவ்வளவுதான். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட்ட பிறகா, வெறும் வயிற்றிலா என்று அவரும் கேட்பதில்லை; நாமும் சொல்வதில்லை. மார்பு வலித்தாலும் வாய்வு, முதுகு பிடித்தாலும் வாய்வு, மூச்சு முட்டினாலும் வாய்வு. மலாய்க்காரத் தோழர்கள் இதையே "ஆஙின்" என்கிறார்கள். இந்த விஷயத்தில் நமக்குள் இன பேதமே கிடையாது!

தோழர்களே, மருத்துவமனை ஏட்டில் ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அடையாள எண் உண்டு. நம் தோட்டத்தில் ஒவ்வொரு காட்டுக்கும் நம்பர் இருப்பது போலத்தான். 1893-ஆம் ஆண்டில் ழாக் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் மரணக் காரணங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் தயாரித்தார். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்று, நோய்களையும் அதில் சேர்த்தது. 1990-ல் அதன் பத்தாம் பதிப்பும், 2019-ல் பதினோராம் பதிப்பும் அங்கீகாரம் பெற்றன. பத்தாம் பதிப்பின் எண்கள் நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளிலும் வழங்கி வருகின்றன. டாக்டர் நோயின் பெயரை எழுதுகிறார். பதிவேட்டு அலுவலர் அதற்குரிய எண்ணைப் போடுகிறார். அதுவும் ஒரு கிராணி வேலைதான்.

அந்தப் பட்டியலில் இரைப்பை அழற்சிக்கு கே 29. இரைப்பைப் புண்ணுக்கு கே 25. பித்தப்பைக் கல்லுக்கு கே 80. மாரடைப்புக்கு ஐ 21. நம்முடைய வாய்வு எங்கே இருக்கிறது? ஆர் 14. வயிற்று உப்புசம், ஏப்பம், காற்றுப் பிரிதல், வாய்வு வலி எல்லாம் அந்த ஒரே எண்ணில் அடக்கம். அமெரிக்கர்கள் மட்டும் தங்கள் பதிப்பில் அதை நான்காகப் பிரித்து, உப்புசத்துக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, ஏப்பத்துக்கு ஒன்று, காற்றுப் பிரிதலுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் அந்த அத்தியாயம் நோய்களின் அத்தியாயமே அன்று. அது அறிகுறிகளின் அத்தியாயம். காய்ச்சல், இருமல், தலைச்சுற்றல், வாய்வு எல்லாம் அதில் இருக்கின்றன. காரணம் தெரிந்துவிட்டால் காரணத்தின் எண்ணையே எழுத வேண்டும் என்பது விதி. காரணம் இன்னும் பிடிபடாதபோது போடுவதுதான் ஆர் 14.

இது மரம் வெட்டுகிறவர்களுக்கு நன்றாகவே விளங்கும். ஒரு மரத்தில் பால் வரவில்லை. "பால் இல்லை" என்று எழுதி வைத்தால் மரத்தின் நோய் தெரிந்துவிடுமா? இலையுதிர் காலமாக இருக்கலாம். மட்டுமீறி வெட்டிப் பட்டை காய்ந்திருக்கலாம். அடியிலே வெள்ளை வேர் நோய் பிடித்திருக்கலாம். முதலாவது தானே சரியாகும். இரண்டாவதற்கு மரத்துக்கு ஓய்வு வேண்டும். மூன்றாவதைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்து மரமும் போகும். "பால் இல்லை" என்பது அடையாளம். வேரைத் தோண்டிப் பார்ப்பதுதான் வைத்தியம். மரத்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை மனிதனுக்குக் காட்ட வேண்டாமா?

ஒரு சொல் சரியாக ஏட்டில் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் நெகிரி செம்பிலானிலேயே சரித்திரம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்ற நோய் இந்நாட்டில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைக் கொண்டுபோயிற்று. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் நின்று செத்தார்கள். நெகிரி செம்பிலானின் அரசாங்கத் தலைமை மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் நோயாளிகளை இனவாரியாக எண்ணிப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளரிடம் நோய் மிகுதி. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழரிடம் மிகமிகக் குறைவு. குற்றம் வெள்ளை அரிசியில் இருக்கிறது என்று 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். அரிசியில் ஏதோ விஷம் இருக்கிறதென்று அவர் நினைத்தது சரியல்ல. ஆனால் விரல் நீட்டிய இடம் சரி.

அதே காலத்தில் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் இதே மாநிலத்தின் காட்டுப் பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் வந்தது. புழுங்கல் அரிசிப் பிரிவில் வரவில்லை. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அந்தச் சத்துக்கு வைட்டமின் பி 1 என்று பின்னர் பெயர் வந்தது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் புழுக்கியது வீண் வேலையா? இல்லை, தோழர்களே!

அந்த நாளில் ஆஸ்பத்திரி ஏட்டில் பெரிபெரி என்று எழுதாமல், "கால் வீக்கம்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் பிராடன் எதை எண்ணியிருப்பார்? "வாய்வு, வாய்வு" என்று பக்கம் பக்கமாக நிரம்பிய ஏட்டிலிருந்தும் யாரும் எதையும் எண்ண முடியாது.

இனி வாய்வுக்கு வருவோம். வயிற்றில் காற்று இருப்பது குற்றமல்ல. அவசரமாக விழுங்கும்போது காற்றும் உள்ளே போகிறது. பருப்பு, பயறு, மொச்சை ஆகியவற்றில் செரிக்காத பகுதியைப் பெருங்குடலிலுள்ள கிருமிகள் நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. நல்ல உடம்புள்ள மனிதனுக்கும் ஒரு நாளில் 10 முதல் 20 முறை வரை காற்றுப் பிரியும். இதற்கு ஓமத்தண்ணீரும் சுக்குக் கஷாயமும் குடித்தால் நாங்கள் குறை சொல்லவில்லை.

ஆனால் நம் தொழிலோடு ஒட்டிய காரணங்களும் உண்டு. விடியுமுன் ஒரு கோப்பை தேநீரோடு பெரட்டுக்குப் போய், வெட்டு முடிந்து பால் நிறுத்த பிறகே சோற்றில் கை வைக்கிறோம். இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் கடையில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்குகிறோம். அந்த வலி மாத்திரைகளில் பல இரைப்பையில் புண் உண்டாக்குபவை. இன்னொன்று: 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமியை இனம் கண்டார்கள். புண்ணுக்குப் பெரும் காரணம் அதுவே என்று நிலைநாட்டியதற்காக 2005-ல் நோபெல் பரிசு பெற்றார்கள். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில் இந்தக் கிருமி மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் கூடுதலாகக் காணப்பட்டது. மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தே இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு வார அளவில் மருந்து கொடுத்துப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். பத்து வருஷம் வாய்வு மாத்திரை தின்றவருக்கு இரண்டு வார மருந்து போதுமாக இருந்திருக்கலாம் என்றால், அந்தப் பத்து வருஷ வேதனைக்கு யார் கணக்குச் சொல்வது?

ஆகவே, சில அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மார்பிலோ மேல் வயிற்றிலோ அழுத்தம், அத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி: இது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலி அதிகம் இல்லாமல் அசீரணம் போலவே வரக்கூடும். சோடா குடித்துப் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். 999-க்குக் கூப்பிடுங்கள்.

மலம் தார் போலக் கறுத்தாலும், இரத்த வாந்தி எடுத்தாலும், வயிறு வீங்கி மலமும் காற்றும் அடியோடு நின்றாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காரணமின்றி உடல் மெலிதல், விழுங்க முடியாமை, கண் மஞ்சளித்தல்: இவற்றையும் தள்ளிப் போடக் கூடாது. தாய்மார்களே, வாரக்கணக்கில் நீங்காத வயிற்று உப்புசம் சில சமயம் கருப்பைப் பக்கத்துச் சினைப்பையின் புற்றுநோய்க்கு முதல் அறிகுறி. வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

டாக்டரிடம் "வாய்வு" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இடத்தைக் கை வைத்துக் காட்டுங்கள். எத்தனை நாள், எந்த நேரம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, காரணம் தெரிந்ததா? தெரியவில்லை என்றால் நான் மறுபடி எப்போது வர வேண்டும்?" இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

லீவைப் பற்றி நாங்கள் கிராணிகள் என்ற முறையில் ஒரு வார்த்தை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுமுறை உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் அது தனிக் கணக்கு. விடுமுறை தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் சொல்லாமல் நின்றதாகிவிடும். ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், நாங்கள் குறித்துக்கொள்கிறோம். "வெறும் வாய்வுக்கா லீவு?" என்று கேலி பேசும் அதிகாரி எந்தத் தோட்டத்தில் இருந்தாலும், சீட்டு கொடுத்தவர் டாக்டர் என்பதை அவருக்கு நினைவூட்டுவது நம் கடமை. கிராணித் தோழர்களே, தொழிலாளியின் நோய் அவருடைய சொந்த விஷயம். சீட்டைப் பெற்றுப் பதிவு செய்வதோடு நம் வேலை முடிந்தது. அதை ஆபீசில் கதையாக்குவது கிராணிக்கு அழகல்ல.

நிர்வாகத்திடம் இக்கிளை கேட்க வேண்டியவை மூன்று. ஒரே வயிற்றுத் தொல்லைக்காக மூன்றாம் முறை வரும் தொழிலாளியைப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதத்தோடு அனுப்ப வேண்டும். அவசரத்துக்கு இரவிலும் வண்டி கிடைக்க வேண்டும். காலை வெட்டுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட நேரம் ஒதுக்க வேண்டும். இம்மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டாம், மனம்தான் வேண்டும்.

தோழர்களே! ஒரு மரம் பால் தரவில்லை என்றால் ஏன் என்று கேட்கிறார்கள். நம் வயிறு வலித்தாலும் ஏன் என்று கேட்கும்படி செய்வோம். முதலில் அந்தக் கேள்வியை நாமே கேட்கப் பழகுவோம்.