முதல் வலிக்கும் முதல் ஈ.சி.ஜி.க்கும் இடையே
(பத்து பாகாட் மாநாட்டில் ஆற்றிய தலைமை உரை)



இதய நோய் பற்றிய மாநாடு என்றால் கோலாலம்பூரில் நடக்கும். மிஞ்சினால் ஜொகூர் பாருவில் நடக்கும். இந்த முறை மாவட்டத் தலைநகரான பத்து பாகாட்டில் கூடியிருக்கிறோம். ஏற்பாட்டாளர்களின் இந்த முடிவு எனக்கு மிகுந்த மனநிறைவு தருகிறது. மாரடைப்பு கண்ட ஒருவர் பிழைப்பாரா, பிழைத்தாலும் எத்தனை வலுவுள்ள இதயத்தோடு வாழ்வார் என்பது பெரும்பாலும் அவர் தலைநகரின் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன்பே முடிவாகிவிடுகிறது. யோங் பெங்கில் ஒரு வரிசை வீட்டிலும், பாரிட் ராஜாவில் ஒரு பட்டறையிலும், செம்பனைத் தோட்டத்தின் மண்சாலையிலும் அது முடிவாகிறது. அதனால் இந்த நோயை ஆராய ஏற்ற இடம் ஒரு மாவட்டத் தலைநகர்தான் என்று நான் கருதுகிறேன்.

முதலில் ஒரு பழைய ஆய்வை நினைவுகூர விரும்புகிறேன். 1959ஆம் ஆண்டு ‘அமெரிக்கன் ஹார்ட் ஜர்னல்’ என்னும் மருத்துவ இதழில் சிங்கப்பூரிலிருந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய குழுவின் முதல் பெயர் டி. ஜே. தனராஜ். பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தை நிறுவி, அதன் முதல் புலத்தலைவராக இருந்து, இந்த நாட்டு மருத்துவர்களின் ஒரு தலைமுறையை உருவாக்கியவர் அவர். சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணக்கூறாய்வுகளின் பதிவேடுகளை அந்தக் குழு ஆராய்ந்தது. இதயத் தமனி நோய் இந்தியர்களிடம் சீனர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு காணப்பட்டது.

அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். மாரடைப்பு என்றால் வசதி படைத்த வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று பாடநூல்கள் நம்பிய காலம். சிங்கப்பூர் இந்தியர்களில் பலர் துறைமுகத்திலும் சாலைப் பணியிலும் நகராட்சியிலும் உடல் வருந்த உழைத்தவர்கள். உண்டு கொழுத்து நோய் தேடியவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. சீனரும் இந்தியரும் ஒரே தீவில், ஒரே வெயிலில் வாழ்ந்தவர்கள். இருந்தும் இத்தனை வேறுபாடு. பிற்பாடு தென்னாப்பிரிக்கா, டிரினிடாட், பிஜி, இங்கிலாந்து என்று நம்மவர் குடியேறிய இடங்களிலிருந்தெல்லாம் இதே செய்தி வந்தது. முதலில் எழுதிவைத்தவர் நம் மண்ணின் மருத்துவர். அந்தக் கட்டுரையை நம் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மருத்துவம் படிக்காத நண்பர்களும் இங்கே நிறைய இருக்கிறீர்கள். உங்களுக்காக இதயத்தின் வேலையைச் சற்று விரித்துச் சொல்கிறேன். மருத்துவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூடிய கையளவு, ஏறத்தாழ முந்நூறு கிராம் எடை. நான்கு அறைகள், நான்கு வால்வுகள். உடலைச் சுற்றி வந்த கருத்த இரத்தத்தை வலப்பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏறிச் சிவந்த இரத்தத்தை இடப்பக்கம் வாங்கி உடலெங்கும் அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர். ஒரு நாளில் ஏழாயிரம் லிட்டருக்கு மேல். துடிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம். வலது மேலறையின் சுவரில் உள்ள ஒரு சிறு திசு முடிச்சு தானே மின் துடிப்பை உண்டாக்கி இத்தனையையும் நடத்துகிறது.

இரத்தம் சுற்றி வருகிறது என்பதே 1628 வரை மேலை மருத்துவத்துக்குத் தெரியாது. நுரையீரல் வழியாக இரத்தம் செல்லும் பாதையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ் எழுதியிருந்தார். ஆனால் ஐரோப்பா கல்லீரலில் இரத்தம் ஊறுகிறது, உறுப்புகள் அதைத் தின்று தீர்க்கின்றன என்றே நம்பிக்கொண்டிருந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தம் எவ்வளவு, அரை மணி நேரத்தில் எத்தனை துடிப்பு? பெருக்கிப் பார்த்தால், உடம்பில் இருக்கும் மொத்த இரத்தத்தைவிட அதிகமாக வருகிறது. அவ்வளவு இரத்தம் அரை மணியில் புதிதாக ஊற வழியே இல்லை. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தமனியும் சிரையும் எங்கே கைகோக்கின்றன என்பதை மட்டும் அவரால் காண முடியவில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, அவ்விரண்டையும் இணைக்கும் தந்துகிகளைக் கண்டார்.

இப்போது நம் மாநாட்டின் மையத்துக்கு வருகிறேன். உடல் முழுவதற்கும் இரத்தம் அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிரம்பியிருக்கும் இரத்தத்தால் பிழைப்பதில்லை. அதன் தடித்த தசைக்கு உணவு, மகாதமனியின் தொடக்கத்திலேயே பிரியும் இரண்டு தமனிகளின் வழியாகத்தான் வருகிறது. அவற்றின் விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். மற்றத் தசைகள் ஓய்வில் இருக்கையில், தம்மைக் கடந்து செல்லும் ஆக்சிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். இதயத் தசை ஓய்வு நேரத்திலேயே எழுபது விழுக்காட்டுக்கு மேல் எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் அதிகம் உறிஞ்சிக்கொள்ள அதற்குக் கையிருப்பு இல்லை. இரத்த ஓட்டம் கூடினால்தான் உண்டு. அதுமட்டுமா? இடது கீழறை சுருங்கும்போது அதன் தசையே தன் குழாய்களை நெரித்துவிடுவதால், அது பெரும்பாலும் விரியும் நொடிகளில்தான் உணவு பெறுகிறது. துடிப்பு வேகமெடுத்தால் அந்த நொடிகள் குறைகின்றன. அதிகம் தேவைப்படும் நேரத்தில் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது.

குழாய் எழுபது விழுக்காடு அளவுக்குக் குறுகிவிட்டால், மாடிப்படி ஏறும்போதோ சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போதோ நெஞ்சு இறுகும், நின்றால் தணியும். இது எச்சரிக்கை. ஆனால் எல்லா மாரடைப்பும் இப்படி முன்னறிவிப்போடு வருவதில்லை. தமனிச் சுவருக்குள் கொழுப்பும் அழற்சிச் செல்களும் சேர்ந்த படிவு, மெல்லிய தோல் போர்த்த கட்டியைப் போல உள்ளே பழுத்துக் கிடக்கும். குழாயைப் பாதிகூட அடைக்காத படிவாக இருக்கலாம். அதன் மேல்தோல் ஒரு நாள் பிளக்கிறது. பிளந்த இடத்தில் இரத்தம் உறைகிறது. சில நிமிடங்களில் குழாய் முழுதும் மூடிக்கொள்கிறது. ‘போன மாதம்தான் ஓட்டப் பரிசோதனை செய்தார், நன்றாக இருக்கிறது என்றார்களே’ என்று இழவு வீட்டில் கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் விடை. அந்தப் பரிசோதனை பெரிய அடைப்பைக் காட்டும். பிளக்கப்போகும் சிறு படிவைக் காட்டாது.

இதய நோய் இது ஒன்றுதான் என்று யாரும் எண்ண வேண்டாம். தொண்டைப் புண்ணாகத் தொடங்கி வால்வுகளைச் சுருக்கும் கீல்வாதக் காய்ச்சலால் தோட்டத்துப் பிள்ளைகள் பட்ட துன்பம் பெரிது. பெனிசிலினாலும் வாழ்க்கை நிலை உயர்ந்ததாலும் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பிறவிக் குறைகள் உண்டு. தாளம் தப்பும் துடிப்பால் உறைகட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வருவதுண்டு. நெடுங்காலம் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பால் தசை தடித்து, பிறகு தளர்ந்து, கால் வீங்கி, படுத்தால் மூச்சுத் திணறும் இதயச் செயலிழப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் தனி அமர்வுகள் இருக்கின்றன. என் உரை தமனி நோயிலேயே நிற்கும்.

ஏன் நமக்கு அதிகம்? தனராஜ் கணக்கெடுத்துத் தந்த கேள்விக்கு விடை சிறிது சிறிதாகக் கிடைத்துவருகிறது. லண்டனின் சவுத்தால் பகுதியில் தெற்காசியரை ஆராய்ந்த பால் மெக்கீக் 1991இல் வயிற்றுக் கொழுப்பையும் இன்சுலினுக்கு உடல் இணங்காமையையும் சுட்டினார். புனேயின் மருத்துவர் யாஜ்னிக் பிறந்த குழந்தைகளை எடைபோட்டார். இங்கிலாந்துக் குழந்தை மூன்றரைக் கிலோ. அவர் பார்த்த இந்தியக் குழந்தை 2.7 கிலோ. எடையில் குறைந்தது தசை. கொழுப்பு பெரிதாகக் குறையவில்லை. அவரும் ஆங்கிலேய நண்பர் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்று 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2. ஒல்லியாகத்தானே இருக்கிறோம் என்று ஆறுதல் கொள்ளும் நம்மவர் ஒவ்வொருவரும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். எடைக்கருவியைவிட அளவு நாடா நமக்கு உண்மை பேசும். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதற்குமேல் போனால் கவனிக்க வேண்டும்.

இப்படிச் சொன்னவுடன், எல்லாம் பிறவியிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதை நான் முழு மூச்சோடு மறுக்கிறேன். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004இல் வெளிவந்தது. முதல் மாரடைப்புக்கான காரணங்களில் பத்தில் ஒன்பது பங்கை, அளந்து பார்க்கக்கூடிய ஒன்பது காரணிகளே விளக்கின. புகை, கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி உண்ணாமை, உடல் அசையாமை ஆகியவை அவற்றில் உண்டு. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. பிறருக்கு ஏறத்தாழ 59. தெற்காசியரிடம் புதிய மர்மம் எதையும் அந்த ஆய்வு காணவில்லை. அதே காரணிகள் நம்மிடம் இளவயதிலேயே கூடிவிடுகின்றன, அவ்வளவுதான்.

மலேசியாவின் 2019 தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர்; 30 விழுக்காட்டினருக்கு இரத்தக் கொதிப்பு. இனிப்பு நீரில் முதலிடம் இந்தியர்களுக்கு. இதைவிட என்னை உறுத்துவது வேறொரு செய்தி. இவ்விரு நோய்களில் எதை எடுத்தாலும், அது இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, தமக்கு அது இருப்பதே தெரியவில்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக் கட்டணத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வாழ்க்கை முறையும் மாறிவிட்டது. பால்மரம் சீவிய காலத்தில் விடியலுக்கு முன் எழுந்து மைல் கணக்கில் நடந்த உடம்பு நம் தாத்தா பாட்டியுடையது. பேரப்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய் இரவு இரண்டு மணிக்கு ரொட்டி சானாயும் கெட்டிப்பால் தேநீரும் அருந்துகிறார்கள். மலேசியர் ஒரு நாளில் உண்ணும் உப்பு சராசரியாக 7.9 கிராம், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு ஐந்து. கருவாட்டையும் ஊறுகாயையும் அடியோடு விடச் சொல்லவில்லை. தினமும் தட்டில் இருக்க வேண்டாம் என்கிறேன்.

சிகிச்சையில் இந்த நாடு பின்தங்கியிருக்கவில்லை. 1989இல் அன்றைய பிரதமர் மகாதீருக்கு மாற்றுப்பாதை அறுவை தேவைப்பட்டபோது அவர் வெளிநாடு போகவில்லை. கோலாலம்பூர் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் யஹ்யா அவாங் குழுவினரிடமே தம்மை ஒப்படைத்தார். அதன் பின் 1992இல் தேசிய இதயக் கழகம் எழுந்தது. நம் பெரிய மருத்துவமனைகளின் கைத்திறன் மீது எனக்கு ஐயம் இல்லை. அங்கே போய்ச் சேரும் நேரத்தைப் பற்றித்தான் கவலை.

குழாய் அடைபட்ட இருபது நிமிடங்களில் இதயத் தசை மடியத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. குழாய்வழி அடைப்பை நீக்கும் கூடம் எல்லா ஊரிலும் இல்லை. இங்கிருந்து ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசி மருந்துக்கு அத்தனை தூரம் போக வேண்டியதில்லை. மாவட்ட மருத்துவமனையிலேயே போடலாம். வாசலைத் தாண்டிய அரை மணிக்குள் போட வேண்டும் என்பது நெறி. அந்த வாசலுக்கு நோயாளி எப்போது வருகிறார்? வாயு என்று தைலம் தேய்த்து, இஞ்சித் தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று காத்திருந்து, மகன் வேலை முடிந்து வந்த பிறகு அவன் காரில் வருகிறார். 999ஐ அழைப்பவர்கள் குறைவு. ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்ற கூச்சம் வேறு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நரம்பு மங்கிப்போவதால் வலியே தெரியாமல், வெறும் வியர்வையும் களைப்புமாக மாரடைப்பு வரக்கூடும். பெண்களுக்கு மூச்சுவாங்கலும் குமட்டலும் முதுகு வலியுமாக வரும். வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் அதைச் சொல்வார்கள். நம் அம்மாக்களும் அக்காமார்களும் இப்படிக் காத்திருந்தே மடிவதை நாம் ஒரு பண்பாடாகப் போற்றிவிடக் கூடாது.

ஆகவே கட்டுரை படைப்போரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் நோயாளிக் குறிப்புகளில் வலி தொடங்கிய மணி, யாரிடமாவது முதலில் சொன்ன மணி, வீட்டை விட்டுக் கிளம்பிய மணி, ஈ.சி.ஜி. எடுத்த மணி ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள். பெண்களுக்குத் தனியாக, இனிப்பு நீர் உள்ளோருக்குத் தனியாகப் பாருங்கள். எந்த இடைவெளியில் அதிக நேரம் போகிறது என்று தெரிந்தால், கோயில் மண்டபத்தில் பேசுவதா, பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசுவதா, மருத்துவமனை வாசலைத் திருத்துவதா என்பது தெளிவாகும். தனராஜுக்குக் கிடைத்தவை இறந்தோரின் பதிவேடுகள். நம்மிடம் இருப்பவை பிழைக்கக்கூடியவர்களின் பதிவேடுகள்.

இங்கு வந்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் இன்னொன்று: நாளை மதிய அமர்வில், இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் பயிற்சி இருக்கிறது. மார்பின் நடுவில், நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். கை வலிக்கும், தொடர வேண்டும். தயவுசெய்து அதைக் கேட்டுவிட்டுப் போகாமல், பொம்மையின் மீது கைவைத்துப் பழகிவிட்டுப் போங்கள்.

மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.