சோளம் பொரியும் விதம்

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். ஒரு நாள் மாலை அவள் என்னிடம் வந்து, "மாமா, பாப்கார்ன் செய்ய மைக்ரோவேவ் அடுப்பு கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்டாள். வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு தின்பண்டம் செய்து கொண்டுவர வேண்டுமாம். தோழிகளில் ஒருத்தி, "கடையில் பையாகவே விற்கிறது, அடுப்பில் வைத்தால் மூன்று நிமிடத்தில் பொரிந்துவிடும்" என்றாளாம். "அந்த அடுப்பு எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் பேசாமல் வந்துவிட்டேன்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த வெட்கம் தேவையற்றது என்பதைக் காட்டவே இன்றைய பேச்சு.

சோளப்பொரி மிகப் பழமையான உணவு. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடக்குக் கடற்கரையில் பரேடோனெஸ், ஹுவாக்கா பிரியெட்டா என்னும் இடங்களை ஆராய்ந்தவர்கள், சுமார் 6,700 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மக்காச்சோளத்தைப் பொரித்து உண்டனர் என்று கண்டார்கள். மட்பாண்டம் அப்பகுதிக்கு வருவதற்கு முந்திய காலம் அது. மைக்ரோவேவ் அடுப்போ நேற்று வந்தது. அமெரிக்கப் பொறியியலாளர் பெர்சி ஸ்பென்சர், 1945-இல், ரேடார் கருவிக்குரிய நுண்ணலைகளைக் கொண்டு உணவைச் சூடாக்கலாம் என்று கண்டறிந்தார். சோளத்தைப் பையிலிட்டு அவ்வலைகளால் பொரிக்கும் முறைக்கு 1949-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆகவே, பொரி பிறந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்த பின்னரே பை பிறந்தது.

இனி, மணி ஏன் வெடிக்கிறது என்று பார்ப்போம். நம் வயல்களில் விளையும் வெள்ளைச் சோளம் வேறு பயிர். அதுவும் பொரியக் கூடியதே. நாம் இங்கே பேசுவது மக்காச்சோளத்தில் பொரிப்பதற்கென்றே உள்ள சிறுமணி வகையைப் பற்றி. அம்மணியின் தோல் கடினமானது, இடுக்கு இல்லாதது. உள்ளே மாவுப்பொருளும், எடையில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு நீரும் இருக்கின்றன.

நீர் 100 பாகையில் கொதித்து ஆவியாகும் என்று படித்திருக்கிறீர்கள். ஆனால் ஆவி வெளியேற வழியில்லாத இடத்தில் நிலைமை மாறுகிறது. உங்கள் வீட்டுக் குக்கரை எண்ணிப் பாருங்கள். மூடியும் எடைக்கட்டியும் ஆவியைத் தடுப்பதால், உள்ளே அழுத்தம் ஏறி, நீர் ஏறத்தாழ 120 பாகை வரை சூடாகிறது. சோள மணியும் ஒரு சின்னஞ்சிறு குக்கரே. ஆனால் அதற்கு எடைக்கட்டி கிடையாது. சூடு சுமார் 180 பாகையை எட்டும்போது, உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக் காற்றின் அழுத்தத்தைப் போல் ஒன்பது பத்து மடங்காகிறது. தோல் தாங்காமல் கிழிகிறது. அதற்குள் வெந்து கூழாகியிருந்த மாவு, ஆவி விரியும் வேகத்தில் நுரைத்துப் பொங்கி, அந்தக் கணமே குளிர்ந்து இறுகிவிடுகிறது. நாம் உண்ணும் வெண்பூ அந்த இறுகிய நுரைதான்.

"படார்" என்னும் ஓசை தோல் கிழிவதால் எழுகிறது என்று நினைத்தோம். 2015-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் இருவர் அதிவேகப் படக்கருவி கொண்டு ஆராய்ந்து, அடைபட்ட ஆவி விடுபடுவதே அவ்வோசைக்குக் காரணம் என்று முடிவுகட்டினார்கள்.

இதை அறிந்தபின், கடைப் பையில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பது விளங்கும். மணிக்கு வேண்டியவை மூன்றே: உள்ளே போதிய ஈரம், ஓட்டையில்லாத தோல், விரைவாகவும் சீராகவும் ஏறும் சூடு. இவற்றை எந்த அடுப்பும் தரலாம்.

செய்முறையைச் சொல்கிறேன். மூன்று நான்கு லிட்டர் கொள்ளும் அடிகனமான பாத்திரமும் அதற்கேற்ற மூடியும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விட்டு, மூன்றே மூன்று மணிகளைப் போட்டு மூடி, நடுத்தரத் தீயில் வையுங்கள். அம்மூன்றும் பொரிந்தால் எண்ணெய் பதமாகிவிட்டது என்று பொருள். பாத்திரத்தை இறக்கி, சுமார் 60 கிராம் மணியைக் கொட்டி, மூடி, மனத்துக்குள் முப்பது எண்ணுங்கள். அந்த அரை நிமிடத்தில் எல்லா மணிகளும் ஒரே சூட்டை அடைவதால், பிறகு ஏறக்குறைய ஒன்றாகப் பொரியும். மீண்டும் அடுப்பிலேற்றிக் குலுக்கிக்கொண்டே இருங்கள். மூடியை ஒருபுறம் மயிரிழை போலத் திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். இல்லையேல் அது பொரியிலேயே படிந்து அதை நமுத்துப்போகச் செய்யும். ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று விநாடி சென்றால் உடனே இறக்கிவிடுங்கள். பொடியுப்பைச் சூடு ஆறுமுன் தூவுங்கள்.

இவ்வளவையும் அச்சிறுமிக்குச் சொல்லி, அவள் வீட்டு அடுப்பிலேயே செய்து பார்த்தோம். நேயர்களே, தோற்றுப் போனோம்! பாதிக்கு மேற்பட்ட மணிகள் கருகி அடியில் கிடந்தன. சிறுமியின் முகம் வாடிற்று. "அந்த அடுப்பு இருந்தால்தான் ஆகும் போலிருக்கிறது" என்றாள். எனக்கும் மறுமொழி தோன்றவில்லை.

திண்ணையில் இருந்த அவள் பாட்டி எழுந்து வந்து, டப்பாவிலிருந்த ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "எத்தனை நாளாக இது மூடியில்லாமல் கிடக்கிறது?" என்று கேட்டார். ஓராண்டாக அடுப்புமேடைமேல் இருந்ததாம். "உலர்ந்துவிட்டதடி. கார்த்திகைக்கு நெல் பொரிக்கும்போது தண்ணீர் தெளித்து ஊறவைத்துத்தானே மணலில் போடுவோம்? இதற்கும் தண்ணீர் காட்டு" என்றார்.

புத்தகத்தில் 14 பங்கு என்று படித்திருந்த நான், கண்ணெதிரே இருந்த டப்பாவில் அந்த 14 பங்கு இருக்கிறதா என்று கேட்கத் தவறினேன். எண்ணிக்கை அறியாத பாட்டியின் பல் அதைக் கண்டுகொண்டது.

மூன்று கோப்பை மணி, அதாவது சுமார் 600 கிராம், ஒரு கண்ணாடிப் புட்டியில் இட்டோம். ஒரு மேசைக்கரண்டி நீர் சேர்த்து இறுக மூடி, நாள்தோறும் குலுக்கி, நான்கு நாள் வைத்திருந்தோம். ஒரு கரண்டி நீர் சுமார் 15 கிராம். ஆகவே ஈரம் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஏறியிருக்கும். ஐந்தாம் நாள் மறுபடி அடுப்பேற்றினோம். அதே அடுப்பு, அதே பாத்திரம். பொரி மூடியை முட்டித் தள்ளியது. பொரியாமல் நின்றவை சிறுமியின் உள்ளங்கைக்குள் அடங்கின.

மாணவர்களே, நீங்களும் இதைச் சோதித்துப் பாருங்கள். ஐம்பது ஐம்பது மணிகளாக மூன்று பங்கு எடுங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். ஒன்றைப் பல நாள் வெயிலில் காயவிடுங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு மணியின் தோலிலும் ஊசியால் ஒரு துளை இடுங்கள். தனித்தனியே பொரித்து, பொரியாதவற்றை எண்ணிக் குறித்துவையுங்கள். விடையை நான் சொல்லப் போவதில்லை.

ஓர் எச்சரிக்கை. சூடான எண்ணெய் அருகில் இருக்கும்போது பெரியவர் ஒருவரும் உடனிருக்க வேண்டும். அடுப்பை விட்டு அகலக் கூடாது. நான்கு வயது நிரம்பாத குழந்தைகளுக்குப் பொரியைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.

அந்தச் சிறுமி ஒரு பெரிய தூக்குப் பாத்திரம் நிறையப் பொரியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். மாலையில் வெறும் பாத்திரத்தோடு என் வீட்டு வாசலில் நின்றாள். "எந்த அடுப்பில் செய்தாய் என்று கேட்டார்கள், மாமா. எங்கள் வீட்டு அடுப்பில்தான் என்றேன். ஏன் பொரிகிறது என்றும் சொன்னேன்" என்றாள். அவள் தலை நிமிர்ந்திருந்தது.