சான்று எங்கே?



1902ஆம் ஆண்டிலே மானிப்பாயைச் சேர்ந்த ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 'அபிதான கோசம்' என்னும் நூலை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். புராண இதிகாசங்களிலும் இலக்கியங்களிலும் வரும் பெயர்களை அகரவரிசையில் நிரைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தந்த நூல் அது. தமிழ்க் கலைக்களஞ்சியங்களின் முன்னோடியாக அறிஞர்கள் அதனைக் குறிப்பிடுவர். எட்டு ஆண்டுகளின் பின், 1910இல், ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்தது. அதன் பின்னர் 1954 தொடக்கம் 1968 வரை, பெ. தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளில் 'கலைக்களஞ்சியம்' சென்னையில் வெளியாயிற்று. முதலிரண்டும் தனி மனிதரின் உழைப்பு. மூன்றாவது ஒரு கழகத்தின் முயற்சி.

2003இல் இணையத்தில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவற்றினின்றும் வேறுபட்டது. அதில் எவரும் எழுதலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். எழுதுபவருக்குச் சம்பளமும் இல்லை. கட்டுரையின் தலைப்பிலே அவர் பெயரும் இல்லை. அதன் தொடக்க காலத்திலேயே அப்பணியில் இறங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. முத்துத்தம்பிப்பிள்ளை தனியே இருந்து செய்த வேலையை இன்று முகமறியாத பலர் கூடிச் செய்கின்றனர்.

இத்தொண்டில் இறங்கும் ஒருவர், தமக்குத் தெரிந்ததை எழுதுவதே வேலை என்று எண்ணக்கூடும். அங்கே முதலில் எழும் கேள்வி வேறு: இதற்குச் சான்று எங்கே? எழுதப்படும் செய்தி ஏற்கெனவே நம்பத்தக்க ஒரு நூலிலோ பத்திரிகையிலோ வெளிவந்திருத்தல் வேண்டும். வாசிப்பவர் அதைத் தேடிச் சரிபார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும். எழுதுபவர் தாமே கண்டுபிடித்த முடிவுக்கு அங்கே இடமில்லை. ஊர்ப்பற்றுக்கும் இடமில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். யாழ் வாசித்துப் பரிசிலாக மணற்றிடரைப் பெற்ற யாழ்பாடியின் கதை எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். யாழ்ப்பாணம் என்னும் பெயர் அதனால் வந்தது என்பர். இதை உண்மை வரலாறாகக் கலைக்களஞ்சியத்தில் எழுதிவிடலாமா? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை' அக்கதையைக் கூறுகின்றது. 1926இல் முதலியார் செ. இராசநாயகமும் 1928இல் சுவாமி ஞானப்பிரகாசரும் வைபவமாலைச் செய்திகளை ஆராய்ந்து, கேள்விக்கு உட்படுத்தி எழுதியிருக்கின்றனர். ஆகவே, இன்ன நூல் இவ்வாறு கூறுகிறது, இன்ன ஆய்வாளர் இவ்வாறு கருதுகிறார் என்று எழுதுவதே முறை. "இரண்டாயிரம் ஆண்டு பழைமை வாய்ந்த கோயில்" என்ற வசனத்துக்கும், "இரண்டாயிரம் ஆண்டு பழைமை வாய்ந்தது எனத் தலபுராணம் கூறும் கோயில்" என்ற வசனத்துக்கும் உள்ள தூரம் சிறிதுதான். அந்தச் சிறிய தூரத்தைக் கடக்கப் பழகுவதே இத்தொண்டின் முதற் பாடம்.

ஆனால், குடாநாட்டவராகிய எம்மிடம் சான்று கேட்கும்போது இன்னொரு துயரமும் உடன் வருகின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலே சனங்கள் கையிலகப்பட்டதோடு புறப்பட்டபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்த புத்தகங்களும் வாசிகசாலைகளிலிருந்த பழைய சஞ்சிகைகளும் கைவிடப்பட்டன. சான்றுகளை இழந்த சமூகத்திடம் சான்று கேட்பது கொடுமையல்லவா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு.

எனினும் விதியைத் தளர்த்துவது இதற்குப் பரிகாரமாகாது. சான்றின்றி நாம் எம்மைப் பற்றி எழுதலாமென்றால், சான்றின்றி எவரும் எம்மைப் பற்றி எதையும் எழுதலாம். எரிந்த நூலகத்தைப் பற்றிய செய்தியையே நாளை ஒருவர் மாற்றி எழுதினால், அதை மறுப்பதற்கு எமக்கு உதவுவது அந்த விதிதான்.

அப்படியாயின் சான்றுகளைத் தேடிச் சேர்ப்பதே வழி. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவாக்கி, எவரும் எங்கிருந்தும் வாசிக்க வைத்துள்ளது. சுன்னாகத்திலிருந்து வெளிவந்த 'ஈழகேசரி'யின் பழைய இதழொன்றை இன்று ரொறன்ரோவில் இருப்பவரும் புரட்டிப் பார்க்கலாம். கோயிற் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், முப்பத்தோராம் நாளில் வழங்கப்படும் கல்வெட்டு ஆகியவையும் அங்கு சேர்கின்றன. கல்வெட்டைப் பலர் ஒரு தரம் புரட்டிவிட்டு மூலையிற் போட்டுவிடுவர். ஓர் ஆசிரியர் எந்த ஆண்டிலே பிறந்தார், எங்கே படிப்பித்தார் என்பதற்குச் சில வேளைகளில் வேறு அச்சுச் சான்றே இராது. உறவினர் எழுதியதாகையால் அதிலுள்ள புகழுரையை ஒதுக்கிவிட வேண்டும். ஆண்டுகளையும் இடங்களையும் வேறு சான்றுகளோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

அச்சில் வராத செய்திகளின் நிலை என்ன? ஊரிலுள்ள குளங்களின் பெயர், வயற்காணிகளின் பெயர், கைவிடப்பட்ட கிணறு யார் தோண்டியது என்பவை முதியோரின் நினைவிலே மட்டும் உள்ளன. கலைக்களஞ்சியம் அவற்றை நேரே ஏற்காது. ஆனால் ஒரு சனசமூக நிலையம் அவற்றைக் கேட்டறிந்து, சொன்னவர் பெயரோடும் திகதியோடும் ஒரு சிறு நூலாக அச்சிட்டால், நாளை எழுதுபவர் அதை மேற்கோள் காட்டக் கூடியதாக இருக்கும். கணினி தெரியாதவரும் செய்யக்கூடிய தொண்டு இது. காலந் தாழ்த்தக் கூடாத தொண்டுமாகும். முதியவரொருவர் மறையும்போது அவர் அறிந்த பெயர்களும் அவரோடு போய்விடுகின்றன.

அலுமாரியிலுள்ள ஒரு பழைய மலரை எடுத்துத் தூசு தட்டி, அதன் ஆண்டைப் பார்த்து வைப்பதிலிருந்தே இப்பணியைத் தொடங்கலாம்.