வரப்பில் வளை தோண்டும் குளவி
(அண்ணாகிராமம் வட்டார உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளவி என்றதும் நம் நினைவுக்கு வருவது கதண்டுதான். அவ்வச்சம் வீண் அச்சமன்று. பனையிலும் மரப்பொந்திலும் கூடு கட்டிக் கூட்டமாய் வாழும் கதண்டு, கூடு கலைந்தால் ஒருங்கே பாய்ந்து கொட்டும். கொட்டுப்பட்டு மாண்டவரும் உண்டு. ஆனால் அதே அச்சத்தால், வரப்பில் தனியே வளை தோண்டும் குளவியின்மீதும் மண்ணெண்ணெய் ஊற்றுகிறோமே, அதைப்பற்றிப் பேசவே இன்று வந்தேன்.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. கெடிலக் கரையின் மணற்பாங்கான நிலத்திலோ, முந்திரித் தோப்பின் வெறுந்தரையிலோ வெயிலேறியபின் சற்று நின்று பாருங்கள். நூலிழை போன்ற இடையும், பெரும்பாலும் பாதி சிவந்து நுனி கறுத்த வயிறும் உடைய மெலிந்த குளவியொன்று மண்ணைக் கவ்வியெடுத்து அப்பால் கொண்டுபோய்க் கொட்டும். அம்மோபிலா என்பது அறிவியலார் இட்ட பெயர். வளைக்கு ஒரு தாய்தான், காவற்படை கிடையாது. கையால் பிடித்தாலன்றிக் கொட்டாது. ஆண் குளவிக்கோ கொடுக்கே இல்லை.

தாய்க்குளவி புழுவைத் தேடிப் பிடித்து, அதன் அடிவயிற்றில் பல இடங்களில் கொட்டும். புழு சாவதில்லை, அசைவற்றுப் போகிறது. ஆகவே அழுகுவதுமில்லை. அதை வளைக்குள் இழுத்துச்சென்று, மேலே முட்டையிட்டு, வாயிலை மண்ணால் மூடும். சிறு கல்லைத் தாடையில் பற்றி அம்மண்ணைத் தட்டி இறுக்கும் குளவியை, அமெரிக்காவில் பெக்காம் தம்பதியர் கண்டு 1898-இல் எழுதிவைத்தனர். கொற்றனார் கொல்லறு பிடிக்கும் அழகுதான்!

குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்பர் நம் பெரியோர். அவர்கள் கண்டது பொய்யன்று. உள்ளே போனது புழு, வெளிவந்தது குளவி. இடையில் மண்ணுக்குள் நடந்ததுதான் தெரியவில்லை. புழு குளவியாக மாறவில்லை, குளவிக்குஞ்சுக்கு இரையாயிற்று.

இக்குளவியே பயிரைக் காத்துவிடும் என்று நான் கூறமாட்டேன். ஒரு வளைக்கு ஒன்றோ சிலவோதான் புழு. எனினும் கூலியின்றிச் செய்யும் வேலையை ஏன் கெடுக்க வேண்டும்? பூச்சிமருந்து இதனையும் கொல்லும்.

தேனீ வளர்ப்போர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தேனீயையே வேட்டையாடும் மண்குளவியும் தென்னாட்டில் உண்டு. கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியலறிஞர் இராமகிருஷ்ண ஐயரின் பெயரையே அதற்கு இட்டிருக்கிறார்கள்!

கதண்டுக் கூட்டைக் கண்டால் தாமே தீயிடாமல் தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவியுங்கள். வரப்பு செதுக்கும்போது வளையுள்ள இடத்தை மட்டும் சிலகாலம் விட்டுவையுங்கள். உள்ளே அடுத்த தலைமுறை உறங்குகிறது.