பிள்ளைக்கு டியூஷன் வைக்குமுன்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பெற்றோர் முன் ஆற்றிய உரை)



இரண்டாம், மூன்றாம் தரத்துப் பிள்ளைக்கு டியூஷன் வைக்கலாமா என்று பெரட்டிலும் கொழுந்து மடுவத்திலும் பலர் கேட்கிறீர்கள். முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளக் கணக்கில், டியூஷனுக்கு மாதம் 1,500 ரூபா கேட்டால், ஒரு நாள் பேர் முழுதாகப் போனாலும் போதாது. இரண்டு பிள்ளை என்றால் இரண்டு பேருக்கும் மேலே. மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்த காசு அது. அது எதற்குப் போகிறது என்று கேட்பது உங்கள் உரிமை.

டியூஷன் தேடுமுன் வகுப்பு டீச்சரிடம் போங்கள். "பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "வாசிப்பில் பிந்துகிறானா, எழுத்திலா, கணக்கிலா?" என்று பிரித்துக் கேளுங்கள். கரும்பலகை தெரிகிறதா, காது நன்றாகக் கேட்கிறதா என்றும் விசாரியுங்கள். கண் தெரியாத பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடி, டியூஷன் இல்லை.

"எனக்கே எழுத்துத் தெரியாது, நான் எப்படிச் சோதிப்பது?" என்று சில அம்மாமார் கேட்கிறார்கள். சோதிக்கலாம். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். கடகடவென்று ஒப்புவித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பிறகு இன்னும் படிக்காத பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் கேளுங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் வருகிறது என்றால், பிள்ளை வாசிக்கவில்லை, பாடமாக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத்தான் உதவி அவசரமாக வேண்டும்.

சொல்லிக்கொடுக்க வருபவரிடம் நாலு விடயம் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, எத்தனை பிள்ளைகள்? நாற்பது பேரை உட்கார வைத்தால் அது இன்னொரு வகுப்பறைதான். சின்னப் பிள்ளைக்கு ஐந்தாறு பேர் போதும். இரண்டு, எதைச் சொல்லிக்கொடுப்பார்? இரண்டாம் தரத்திலேயே புலமைப்பரிசில் வினாத்தாளைக் கொடுப்பவர் வேண்டாம். வாசிக்கத் தெரியாத பிள்ளை வினாத்தாளை வைத்து என்ன செய்யும்? மூன்று, அடிக்கக் கூடாது. கதவைச் சாத்தி வைக்கவும் கூடாது. எந்த நேரமும் நீங்கள் வந்து எட்டிப் பார்க்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். நாலு, இருட்டுமுன் பிள்ளை லயத்துக்கு வந்து சேர வேண்டும்.

முதல் நாள் பிள்ளை எழுதிய தாளில் திகதி போட்டு எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து எழுதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாற்றம் இல்லாவிட்டால் நிறுத்துங்கள். அதற்காகப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

காசு இல்லாதவர்கள் என்ன செய்வது? இலங்கையில் இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்க அதற்குப் பிறகு முப்பது வருடம் போனது. அந்த முப்பது வருடத்து இழப்பை நம் தாத்தா, பாட்டிமார் சுமந்தார்கள். இன்றைக்கு வாசிப்பை மட்டும் காசுக்கு வாங்கும் பொருளாக்கினால், அதே சுமை நம் பிள்ளைகள் தலையில் ஏறும்.

ஆகவே இது ஒவ்வொரு குடும்பமும் தனியாகப் பார்க்கும் காரியம் இல்லை, சங்கத்தின் வேலையும்தான். உயர்தரம் முடித்துவிட்டு வேலை தேடும் தம்பி, தங்கைமார் ஏறக்குறைய ஒவ்வொரு டிவிசனிலும் இருக்கிறார்கள். கோயில் மண்டபமோ வாசிகசாலையோ இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள், பின்னேரம் ஒரு மணித்தியாலம் போதும். சொல்லிக்கொடுப்பவருக்குக் கொடுப்பனவைக் குடும்பங்கள் முடிந்த அளவு பங்குபோட்டுக் கொடுக்கலாம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே பாயில் உட்கார வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாடசாலையில் ஆசிரியர் வெற்றிடம் இருந்தால், அதை டியூஷனால் மூட முடியாது. அந்தக் கோரிக்கையை வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் கொடுப்போம், பதிலையும் எழுத்தில் கேட்போம்.

மாதர் கிளைத் தலைவிமாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் டிவிசனில் நான் சொன்ன விரல் சோதனையில் தடுமாறும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். பெயரைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும் போதும். அங்கிருந்து வேலையைத் தொடங்குவோம்.