பெண்கள் வயிறும் வீட்டுப் பங்கும்

(மாதர் கூட்டமொன்றில் பேசியது)



பெண்களின் ஆகாரம் என்பது பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டிருக்கின்றீர்கள். நான் வைத்தியம் படித்தவனல்ல. பள்ளிக்கூடப் படிப்பே எனக்குச் சொற்பம். ஆனாலும் டாக்டர்கள் ஆராய்ந்து எழுதியவைகளைத் தேடிப் படித்தும், புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டும், என் புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லப் போகின்றேன். நான் சொல்லுவதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பார்த்து, சரியென்று தோன்றினால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

நம் வீடுகளில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வயிறு பெருத்துவிட்டால், "பிள்ளை பெற்ற உடம்பு" என்கின்றோம். சர்க்கரை வந்தால், "அவள் அம்மாவுக்கும் இருந்தது" என்கின்றோம். இரத்த அழுத்தம் ஏறினால், "கோபக்காரி" என்கின்றோம். ஒன்றுக்கும் காரணம் அகப்படாவிட்டால் தலையெழுத்து என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகின்றோம். ஆனால் டாக்டர்கள் சொல்லுவதென்னவென்றால், இவை தனித்தனியாக வந்து சேர்ந்த வியாதிகளல்ல, பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதாகும். 1988-ல் ஜெரால்டு ரீவன் என்னும் அமெரிக்க டாக்டர் இவைகளின் உறவை எடுத்துக் காட்டினார். இன்று இக்கூட்டத்திற்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர். பெயர் பெரிதாயிருக்கின்றதே என்று பயப்பட வேண்டாம். கணக்கு சுலபமானது.

அடையாளங்கள் ஐந்து. நம் நாட்டுப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 31½ அங்குலம், அல்லது அதற்கு மேலிருப்பது ஒன்று. வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேலிருப்பது இரண்டு. இரத்த அழுத்தத்தில் மேல் எண் 130-ஐயோ, கீழ் எண் 85-ஐயோ எட்டுவது மூன்று. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேலிருப்பது நான்கு. எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு 50-க்குக் குறைந்திருப்பது ஐந்து. இவற்றில் ஏதாவது மூன்று இருந்தாலும், இவைகளுக்காக ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு வந்தாலும், கணக்கில் சேர்ந்துவிடும். இது சர்க்கரை வியாதிக்கும் மாரடைப்புக்கும் வழி திறந்துவிடுகின்ற நிலைமை. முதல் அடையாளத்தைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. ஒரு தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இது எப்படி ஏற்படுகின்றது? நாம் தின்னும் சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் சேர, கணையம் இன்சுலினைச் சுரந்து அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்புகின்றது. வேளைதோறும் சோறே மிகுதியாகவும், உடலுழைப்புக் குறைவாகவும் இருந்தால், மிச்சப்பட்டதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடும். அக்கொழுப்பு வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும், கல்லீரலிலும் படிகின்றது. பிறகு இன்சுலின் சொன்ன பேச்சைத் தசை கேட்பதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து களைத்துப் போகின்றது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாத பெண்ணுக்கும் டிரைகிளிசரைடு ஏறுவதன் இரகசியம் இதுதான். மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேருவது இன்னும் அதிகமாகின்றது. கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்டவர்களுக்கும், சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து முன்னதாகவே வருகின்றது.

பரம்பரை ஒரு காரணமல்லவா என்று கேட்பீர்கள். ஆம், ஒரு பங்கு உண்டு. ஆனால் மற்றப் பங்கு தட்டில் இருக்கின்றது. 1920-களில் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஒரு சோதனை செய்தார். ஒரே மாதிரியான எலிக்குஞ்சுகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பாகத்து மக்களும் சாப்பிடும் சாப்பாட்டை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாடு தின்றவை நன்றாக வளர்ந்தன. தீட்டின அரிசியே பெரும்பாலாகிய சென்னை மாகாணச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாகப் பின்தங்கின. அந்த எலிகளுக்கு யார் ஜாதகம் எழுதினார்கள்? எந்தச் சனி எந்த எலியைப் பிடித்தது? தட்டு வேறுபட்டது, உடம்பும் வேறுபட்டது, அவ்வளவுதான்.

நிற்க. வயிறு பெருத்த பெண்ணைப் பார்த்ததும் "நிறையத் தின்கிறாள்" என்று பேசுகின்றோமே, அது உண்மையா? 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40.4 பேர் அதிக எடையுள்ளவர்களாகக் காணப்பட்டார்கள். அதே ஆய்வில் 100-க்கு 53.4 பேர் இரத்த சோகை உள்ளவர்களாகவும் காணப்பட்டார்கள். உடம்பு பெருத்திருக்கின்றது, இரத்தமோ வெளுத்திருக்கின்றது! இரண்டும் அனேகரிடத்தில் ஒரே உடம்பில் இருக்கின்றன. இதற்கு அர்த்தமென்ன? அவள் வயிறு நிறைந்ததே தவிர, உடம்பு நிறையவில்லை என்பதுதான். ஆகவே அவளிடம் போய் "சாப்பாட்டைக் குறை" என்று மாத்திரம் சொல்லுவது, ஏற்கெனவே பட்டினி கிடக்கும் இரத்தத்தையும் தசையையும் இன்னும் பட்டினி போடச் சொல்லுவதாகும்.

அவள் தட்டு எப்படி நிரம்புகின்றது என்று பாருங்கள். சமைப்பவள் அவள், பரிமாறுபவள் அவள், கடைசியில் உட்காருபவளும் அவளே. மீன் துண்டு புருஷனுக்கு, முட்டை மகனுக்கு, பொரியல் மாமனாருக்கு, பால் குழந்தைக்கு. இவர்கள் எழுந்த பிறகு சட்டியில் மிச்சமிருப்பதென்ன? சோறும், அடியில் தங்கின குழம்பும்தான். சோற்றைக் கொட்டினால் பாவம் என்று வேறு சொல்லி வைத்திருப்பதால், வேண்டாவிட்டாலும் அதையும் அவளே தின்று தீர்க்கின்றாள். பிறகு மாலையில் பசித்தால் சர்க்கரை போட்ட டீயும், இரண்டு பிஸ்கட்டும். இதற்குப் பத்தினி தர்மம் என்று பெயர் வைத்தவர்கள், அந்தத் தர்மத்தின் விளைவு இடுப்பில் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கவில்லை.

இப்பொழுது ஆஸ்பத்திரியில் சொல்லப்படும் ஆகார ஆலோசனைக்கு வருவோம். ஆலோசனை பலன் தருவது நிச்சயம். சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் முதலானவர்கள் செய்து 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சியில், சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். விசேஷ ஆலோசனை இல்லாதவர்களில் மூன்று வருஷத்தில் 100-க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. ஆகாரமும் நடையும் சொல்லிக் கொடுத்துத் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களிலோ 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள். அதிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான்.

நான் இதை ஏன் எடுத்துச் சொல்லுகின்றேன்? புருஷனுக்கு டாக்டர் ஆகாரச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அன்று மாலையே மனைவி உப்பைக் குறைக்கின்றாள், கீரை வாங்குகின்றாள், வீடு முழுதும் மாறிவிடுகின்றது. மனைவிக்கு அதே சீட்டை எழுதிக் கொடுத்தால் வீட்டில் யார் மாறுகின்றார்கள்? "உனக்கு வேண்டுமானால் தனியாகச் செய்து கொள்" என்கின்றார்கள். இரண்டு சமையல் செய்ய அவளுக்குக் கைகள் நான்கா இருக்கின்றன? ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, சீட்டை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடுகின்றாள். ஆகவே பெண்ணுக்கு ஆலோசனை சொல்லுவதென்றால் அவளுக்கு மாத்திரம் சொல்லுவதல்ல. அவள் வீட்டுக்கே சொல்லுவதாகும். சீட்டு வாங்கப் போகும்போது புருஷனும், சம்பாதிக்கும் மகனும் கூடப் போக வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 2021-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தது. நல்ல காரியம். வாசலுக்கு வந்தது அடுப்பங்கரைக்குள்ளும் நுழைய வேண்டும்.

சரி, தட்டில் என்ன செய்வது? தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பாகம் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் இவைகளில் ஒன்று. மீதிக் கால் பாகம்தான் சோறு. காயையும் பருப்பையும் முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் தின்றால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, அவரை, பீர்க்கு, மொச்சை, கொள்ளு, மத்தி மீன் ஆகியவை சீமையிலிருந்து வர வேண்டிய பண்டங்களல்ல. உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. டீயில் சர்க்கரை வேண்டாம். வாரத்தில் 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும். சாப்பிட்ட பின் பத்து நிமிஷம் நடந்தாலும் தசை சர்க்கரையை இழுத்துக் கொள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் பருப்பு, முட்டை, மீன் இவைகளை அதிகப்படுத்துமுன் டாக்டரைக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இதற்குள் வியாபாரிகள் புகுந்துவிடுவார்கள். "நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் இவைகள் சர்க்கரை வியாதியை ஒன்றும் செய்யாது" என்பார்கள். பெயரில் நாடு இருந்தாலும் உள்ளே இருப்பது சர்க்கரைதான். கேழ்வரகு நல்ல தானியம். ஆனால் அதையே கஞ்சியாகக் கரைத்துச் செம்பு செம்பாகக் குடித்தால் அதுவும் மாவுதான். "ஒரு மண்டலத்தில் பூரண குணம்" என்று பொடி விற்பவனை, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரத்தப் பரிசோதனைக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். அவன் அடுத்த தெருவுக்குப் போய்விடுவான்.

விரதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புருஷன் ஆயுளுக்காகவும் பிள்ளை பரீட்சைக்காகவும் பட்டினி கிடப்பவர்கள் பெண்களே. சர்க்கரைக்குச் சில மாத்திரைகளோ, இன்சுலின் ஊசியோ எடுத்துக் கொண்டு பட்டினி கிடந்தால், இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சாமி வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்துக் கொண்டிருந்தால் நஷ்டம் யாருக்கு? நினைவிருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பகலெல்லாம் பட்டினி கிடந்து, இரவில் ஜவ்வரிசிப் பாயசமும் இனிப்பும் தின்று முடிக்கும் விரதத்தால் இடுப்பு ஒரு நூல்கூடக் குறைவதில்லை.

கடைசியாக ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மேடையில் பெண்ணுக்குச் சம உரிமை என்று கைதட்டுகின்றீர்கள். அந்தச் சமத்துவம் இன்று இரவு உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் ஆரம்பிக்கட்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் உட்காருங்கள். இருக்கின்ற முட்டையையும் மீனையும் தலைக்கணக்கில் பங்கிடுங்கள். அவள் நடக்கப் போகும் அரைமணி நேரம் பாத்திரம் உங்கள் கையால் கழுவப்படட்டும். இதற்குப் பணம் வேண்டாம், சட்டம் வேண்டாம்.

தாய்மார்களே! எல்லோருக்கும் போட்டு மிச்சத்தைத் தின்னுவது தியாகமென்று இனியும் நம்பாதீர்கள். அந்தத் தியாகத்தால் வீட்டுக்கு வருவது மருந்துச் செலவும், தாயில்லாத பிள்ளைகளும்தான். உங்கள் பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு பரிமாறுங்கள்.