காம்பிராவும் கட்சியும்

இங்கே லின்ஃபீல்டில் இரவு பதினொன்று தாண்டிவிட்டது. இலங்கையிலிருந்து கேட்பவர்களுக்கு மாலைத் தேநீர் நேரம்.

வாரிசு அரசியல் என்றதும் கலைஞர், ஸ்டாலின், உதயநிதி என்று தமிழகத்தைப் பற்றியே பேசுகிறோம். நான் பிறந்த மலையகத்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன்.

1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். வாக்குரிமையும் போயிற்று. சௌமியமூர்த்தி தொண்டமான் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசை வைத்துக்கொண்டு அதற்காகப் பல பத்தாண்டுகள் போராடினார். 1978இல் அமைச்சரானார். என் அம்மாயி நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவருடைய காம்பிராவில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஐயாவின் படமும் இருந்தது. "வாக்குச்சீட்டு அவரு வாங்கிக் குடுத்தது" என்பார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

1999இல் ஐயா மறைந்தார். தலைமை பேரன் ஆறுமுகனிடம் போனது. 2020 மே 26இல் அவரும் திடீரென்று மறைந்தார். ஆகஸ்ட் தேர்தலில் தந்தையின் இடத்தில் மகன் ஜீவன் நின்றார், வென்றார். வயது 25. கட்சியின் பொதுச் செயலாளரும் ஆனார். 2023இல் அமைச்சர்.

மக்கள்தானே வாக்களித்தார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் எங்கள் சனம் நன்றியையும் பரம்பரையாகவே கடத்துகிறது. பாட்டனுக்குப் பட்ட கடனைக் கொள்ளுப்பேரனுக்கு அடைக்கிறோம்.

தோட்டத்தில் இன்னொரு வாரிசு முறையும் உண்டு. காம்பிராவுக்கு உறுதி கிடையாது. வீட்டில் ஒருவராவது செக்ரோலில் பேர் பதிந்திருந்தால்தான் நிம்மதியாக இருக்கலாம். அம்மாயி ஓய்வு பெற்றதும் என் சின்னம்மா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூடையை எடுத்தது அதற்காகத்தான். அங்கே தலைமை ஒரு வீட்டுக்குள் கைமாறியது. இங்கே கூடை கைமாறியது.

ஜீவனிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சின்னம்மாவுக்கும் திறமை இருந்தது. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடித்துக் கொடுத்தவள் அவள். தலைவர் பதவிக்குத் தன் பேரும் வரலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றவிடாமல் செய்தது எது? அதைத்தான் மலையக எழுத்து இன்னும் விரிவாக எழுதவேண்டும் என்று நினைக்கிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், விழித்திருக்கிறேன்.